இரண்டாவது கத்தியின் சத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் குறும்படங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். காதல் படம், சமூகப் படம், ஆவணப்படம் எல்லாவற்றுக்கும் தாராளமாக இடம் கொடுத்திருந்தீர்கள். பேய்ப் படங்களை மட்டும் பையன்கள் கை பழக எடுப்பவை என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் குழித்துறைப் பக்கம் 28 வருடமாக மைக்செட் வைத்திருப்பவன். கோயில் கொடை விழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று ஓடுகிற தொழில். சினிமாவைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், காது ஒன்றுதான். பேய்ப் படம் பாதிக்கு மேல் காதில்தான் நடக்கிறது.

போன கார்த்திகையில் எங்கள் ஊர்ப் பையன்கள் நான்கு பேர் ரெக்கார்டர் இரவல் கேட்டு வந்தார்கள். 11 நிமிடப் படம், போனிலேயே எடுத்தது. இரண்டு பெயருக்கு நடுவில் சண்டை நடப்பதால் படத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. கதை இவ்வளவுதான். விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறார். பட்டையில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலை இழுத்து எடுக்கிறார், கத்தியைப் பட்டையில் ஓட்டுகிறார், பால் வடிகிற சிரட்டையை நிமிர்த்தி வைக்கிறார், அடுத்த மரம். நாலைந்து மரம் இப்படியே போகிறது. அப்புறம்தான் நமக்கு உறைக்கிறது: பின்னால் எங்கோ இன்னொரு கத்தி ஓடுகிறது. இவர் நிறுத்தினால் அதுவும் நிற்கிறது. ஆனால் அரை வினாடி தாமதமாக நிற்கிறது.

பேய் வரவே இல்லை. வெளுத்த பிறகு பால் எடுக்க வாளியோடு வருகிறார். அவர் வெட்டாமல் விட்ட வரிசையில் சிரட்டை எல்லாம் நிறைந்திருக்கிறது. படம் முடிந்தது.

அந்த இரண்டாவது கத்தியின் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி வை, பின்வரிசைக்குக் கேட்காது என்று நான்தான் சொன்னேன். எடிட் செய்த பையன் மறுத்துவிட்டான். “குறைக்கணும் மாமா, கேட்டதா இல்லையான்னு சந்தேகம் வரணும்” என்றான். அவன் சொன்னதுதான் சரி. பெரிய பேய்ப் படங்களில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கதவு அறைகிறது, பூனை பாய்கிறது, கூடவே வயலின்கள் அலறுகின்றன. கோழிக்கூட்டில் சரவெடி போட்டால் கோழியும்தான் துள்ளும். அதைப் பயம் என்று சொல்ல என் காது ஒப்பவில்லை.

காசு இல்லாததால் வந்த நல்லது இது என்றும் நினைக்கிறேன். இருட்டுக்கு செட் போட வேண்டாம். நட்சத்திரம் வேண்டாம், பாட்டு வேண்டாம். பேய் யார், எப்படிச் செத்தது, யாரைப் பழிவாங்குகிறது என்று இடைவேளைக்குப் பிறகு முக்கால் மணி நேரம் விளக்கவும் வேண்டாம். 2013இல் சுவீடனில் டேவிட் சாண்ட்பெர்க் என்பவர் சொந்த வீட்டிலேயே, மனைவியை நடிக்க வைத்து, மூன்று நிமிடத்துக்கும் குறைவாக ஒரு படம் எடுத்தார். பெயர் ‘லைட்ஸ் அவுட்’. விளக்கை அணைத்தால் ஓர் உருவம் நிற்கிறது, போட்டால் இல்லை. உலகமே பார்த்தது. 2016இல் ஹாலிவுட் அதை முழுநீளப் படமாக்கி அந்த உருவத்துக்கு ஒரு பெயரும் பழைய கதையும் கொடுத்தது. பெயர் தெரிந்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. அதனால்தான், குறும்படம் என்றால் பெரிய படத்துக்கான விசிட்டிங் கார்டு என்று பாராட்டுகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது.

குறையும் உண்டு. பத்துப் படம் பார்த்தால் ஏழு சகிக்காது. வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், எங்கிருந்தோ இறக்குமதியான பொம்மை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற தேவாலய மணியோசை. இதெல்லாம் நமக்கு எதற்கு? பழிவாங்க வந்த பேய் பழையனூர் நீலி கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன்தான் என் புருஷன் என்று ஊரார் முன் அழுதாளே, அதைவிட ஒரு காட்சி வேண்டுமா? செலவு ஒரு கள்ளிக் கட்டை. பழையனூர் வடக்கே திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது. தெற்கே எங்கள் பக்கம் அதே பெயரில் கள்ளியங்காட்டு நீலி. கொடைகளில் நடுச்சாமத்துக்கு மேல் வில்லுப்பாட்டில் நீலி வரும்போது மைக்கைச் சரிசெய்கிற சாக்கில் மேடை ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். அந்தக் கட்டத்தில் வில்லுப்பாட்டு பாடுகிற புலவர் குரலைத் தாழ்த்துவார். உடுக்கும் அடங்கும். கூட்டம் தானாக முன்னால் நகரும். ரப்பர் படத்து எடிட்டருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சின்ன வயதில் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவன்தான் அவன்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் தேவலை. கேரள சலச்சித்திர அகாதமி 2008இலிருந்து ஆவணப்பட, குறும்பட விழாவைத் திருவனந்தபுரத்தில் நடத்துகிறது. எங்கள் பையன்கள் காலையில் களியக்காவிளையில் பஸ் ஏறிப்போய்ப் படம் பார்த்துவிட்டு ராத்திரி திரும்புகிறார்கள். அங்கே மலையாளத்தில் கேட்ட விமர்சனத்தைத் தமிழில் படிக்க அவர்களுக்கு இடம் இல்லை. உங்கள் இதழில் மாதம் அரைப் பக்கம் கொடுத்தால் போதும். பாராட்டத்தான் வேண்டும் என்றில்லை, திட்டி எழுதினாலும் பத்து தடவை படிப்பார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். விமர்சிப்பவர் போன் ஸ்பீக்கரில் படம் பார்க்க வேண்டாம். அடியில் மெல்ல ஓடுகிற சத்தம் எதுவும் அதில் வராது. ஹெட்போன் இல்லையென்றால் கடைக்கு வரச் சொல்லுங்கள், நான் தருகிறேன்.

ஊர் நூலகத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி அந்தப் படத்தைப் போட்டோம். பார்த்தவர்களில் ஒருவர் முப்பது வருடமாக ரப்பர் வெட்டுகிறவர். படத்தில் கத்தி பிடித்த விதம் தப்பு என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். மறுநாள் விடியற்காலை என் வீட்டுக் கதவைத் தட்டி, சும்மா ஒரு துணைக்கு என்று ரேடியோ வாங்கிக்கொண்டு போனார். இன்னும் திருப்பித் தரவில்லை.

இப்படிக்கு,
மைக்செட்காரன்,
குழித்துறை.