மணியாகத் தொங்கும் தண்டவாளம்: வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

போன கிழமை பேத்தி தன் வரலாற்றுக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். வெள்ளைக்காரர் ஆட்சியால் வந்த நன்மைகள் என்று ஒரு தலைப்பு. முதல் வரியே புகையிரதப் பாதைதான். பிழையென்று சொல்லமாட்டேன். யாருக்கு வந்த நன்மை என்பதுதான் கொப்பியில் இல்லை.

கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதல் கோச்சி, அதாவது புகையிரதம், ஓடியது 1864இல். 1867இல் கண்டி. அவசரம் மலைத் தோட்டங்களில் விளைந்த கோப்பிக்கு. மலையிலிருந்து மூட்டைகள் மாட்டுவண்டியில் ஆடி அசைந்து துறைமுகம் வந்து சேர்வது தோட்டத் துரைமாருக்குக் கட்டுப்படியாகவில்லை. 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. கோப்பி அழிய, தேயிலை வந்தது. பாதையும் தேயிலைக்குப் பின்னால் மலையேறி 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் தொட்டது. அந்தத் தோட்டங்களில் கூலிக்கு நிற்க வந்த சனமோ மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து, வழியிலேயே செத்தும் போனது. தலைமன்னாருக்குக் கோச்சி வர 1914 ஆயிற்று. மூட்டைக்கு முதலில், மனிசருக்குப் பிறகு.

எங்கள் யாழ்ப்பாணப் பக்கம்? 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே தனித்துண்டாக ஒரு பாதை. கொழும்போடு தொடுத்தது 1905இல், கண்டிக்கு 38 வருடம் பிந்தி. புகையிலையும், பனம்பழக் களியைக் காயவைத்த பனாட்டும் துரைமாருக்கு எதற்கு? அதுவரை கொழும்புக்குப் போவதென்றால் கப்பல். இல்லாவிட்டால் வன்னிக்குள்ளால் மாட்டுவண்டி, திரும்பும்போது காய்ச்சலும் கூடவே வரும். கேட்டுக் கேட்டு வாங்கிய பாதை இது.

வாங்கியதை நாங்கள் வீணாக்கவில்லை. மிசன் பள்ளிக்கூட இங்கிலீசோடு கொழும்புக் கந்தோர்களுக்குக் கோச்சியேறிப் போனோம். கடல் கடந்து மலாயா ரயில்வேயில் கிளாக்கராகவும் ஸ்ரேசன் மாஸ்ரராகவும் இருந்தோம். ஊருக்கு ஊர் 'மலாயன் பென்சனியர்' கட்டிய கல்வீடு நிற்கிறதே, அதுவும் இந்தக் கதைதான். (அந்தக் காசு சீதனத்தை எவ்வளவு ஏற்றியது என்பது வேறு மடலுக்குரிய விஷயம்.)

போரால் 1990 ஜூனோடு, கொழும்பிலிருந்து வரும் யாழ்தேவிக் கோச்சி வராமல் விட்டது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போயின. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்குத் திரும்பக் கோச்சி வந்தபோது, பிள்ளை குட்டி பெற்ற வயதில் முதன்முதலாகக் கோச்சியைப் பார்த்தவர்களும் கூட்டத்தில் நின்றார்கள்.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் மணி என்பது வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்ட ஒரு முழத் தண்டவாளத் துண்டு. உங்களில் பலருடைய பள்ளிக்கூடத்திலும் அப்படியொன்று இருக்கும். தண்டவாளத்தின் இடுப்பில், உருக்கு வார்த்த ஆலையின் பெயரும் ஆண்டும் புடைத்த எழுத்தில் இருப்பது வழக்கம். எங்களுடையதில் துருவைச் சுரண்டினால் 19 என்ற இரண்டு இலக்கம் மட்டும் தெரியும். மிச்சம் வெட்டின இடத்தோடு போய்விட்டது. அடுத்த பாடத்துக்குப் பிள்ளைகளை அந்த மரத்தடிக்குக் கூட்டிப்போங்கள். ஆளுக்கொரு சிரட்டைத் துண்டு கொடுத்துச் சுரண்டவிடுங்கள். எழுத்து தெரிந்த பிறகு, இந்த இரும்பு எந்த ஊர் உலையிலிருந்து, ஆருடைய காசில், எதை ஏற்ற வந்தது என்று அவர்களையே கேளுங்கள்.

இப்படிக்கு,
பேத்தியின் கொப்பியைப் பார்த்த ஒரு பழைய மாணவன்
யாழ்ப்பாணம்