பாப்பாவுக்கு, லே கிளம்பும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே திண்டுக்கல்லில் நானும் அம்மாவும் நலம். மணாலியில் இருந்து லடாக்கில் இருக்கும் லே வரைக்கும் பைக்கில் போகப்போவதாக நீ சொன்ன அன்றைக்கு அம்மா அரை நாள் யாரோடும் பேசவில்லை. சாயந்திரம் அவளே வந்து, "போறதுன்னு முடிவு பண்ணிட்டா. என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு ஒழுங்கா எழுதிப் போடுங்க" என்றாள். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய பட்டியலில் 63 சாமான் இருக்கிறது. அவ்வளவு வேண்டாம்மா. ராணுவத்தில் வண்டி பழுது பார்க்கிற ஈ.எம்.ஈ பிரிவில் இருந்தபோது இரண்டு வருஷம் அந்த ரோட்டில் வேலை பார்த்தவன் நான். நடுவழியில் நின்ற வண்டிகளில் பலவற்றில் சாமான் இருந்தது. ஆனால் மூட்டைக்கு அடியில் எடுக்க முடியாத இடத்தில் இருந்தது, இல்லையென்றால் எடுத்தவனுக்கு மாட்டத் தெரியவில்லை. உன் கையால் ஒரு தடவையாவது பயன்படுத்திப் பார்க்காத எதையும் பையில் வைக்காதே.

முதலில் ட்யூப். உன் ஹிமாலயன் பைக்குக்கு ஸ்போக் வீல், முன்னால் 21 இன்ச், பின்னால் 17 இன்ச். இரண்டுக்கும் தலா ஒரு புது ட்யூப், மூன்று டயர் லீவர், பஞ்சர் பட்டி, சொல்யூஷன், கைப்பம்பு. வாங்கினால் மட்டும் போதாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் அபார்ட்மென்ட் வாசலில் சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பின் சக்கரத்தை நீயே கழற்று. ட்யூபை உள்ளே விடும் முன் லேசாகக் காற்று அடித்துக்கொள், உருண்டை பிடிக்கிற அளவுக்கு. காற்றே இல்லாமல் விட்டால் மடிந்துகொள்ளும், லீவர் அதைக் கடித்துவிடும், புது ட்யூப் போட்ட இடத்திலேயே பஞ்சர் ஆகும். டயரின் கடைசி ஒரு சாண் அளவை ரிம்முக்குள் தள்ளும்போதுதான் எல்லாருக்கும் கோபம் வரும். அப்போது லீவரை அழுத்தாதே. எதிர்ப்பக்கம் டயரை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கு, இந்தப் பக்கம் தானாக இளகி வரும். முதல் தடவை இரண்டு மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

அடுத்தது கிளட்ச் கேபிள். புதுக் கேபிளைப் பையில் போடாதே, வண்டியிலேயே கட்டிவிடு. பழைய கேபிள் போகிற வழியிலேயே, ஹேண்டிலில் இருந்து டேங்குக்கு அடியால் எஞ்சின் வரைக்கும், அதன் கூடவே ஓட்டி நாலைந்து இடத்தில் டேக் போட்டுக் கட்டு. இரண்டு முனையிலும் கிரீஸ் தடவி, பழைய சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றி வை, தண்ணீர் இறங்காது. கட்டி முடித்ததும் ஹேண்டிலை இடது வலது முழுசாக ஒடித்துப் பார். எங்கேயும் இழுக்கக் கூடாது. அறுந்துபோனால் டேங்கைத் தூக்க வேண்டியதில்லை, முனைகளை மாற்றி மாட்டினால் போதும். பனிக்காற்றில் விரல் மரத்துப்போய் நிற்கும்போது இதன் அருமை தெரியும். ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் லீவர், ப்ளக், இரண்டு ஃபியூஸ் ஆகியவை ஒரு சின்னப் பையில் இருக்கட்டும்.

நீங்கள் மூன்று பேர் போகிறீர்கள். ஸ்பேனர் செட்டும் பம்பும் மூன்று வண்டிக்கும் சேர்த்து ஒன்று போதும். ஆனால் அது கடைசியில் வருகிற வண்டியில்தான் இருக்க வேண்டும். முன்னால் போகிறவனுக்குப் பின்னால் ஒருவன் நின்றது தெரியவே தெரியாது. கான்வாயிலும் பழுது பார்க்கிற வண்டி கடைசியில்தான் வரும்.

பெட்ரோல். கீலாங்குக்குக் கொஞ்சம் முன்னால் தாண்டி என்ற ஊரில் பங்க் இருக்கிறது. அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று அங்கே போர்டு வைத்திருப்பார்கள். உன் டேங்க் 15 லிட்டர். சமவெளியில் லிட்டருக்கு 28 கொடுத்தால் 420 வரும், கணக்குக்குச் சரிதான். ஆனால் மேலே பாதி வழி முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும்தான் ஏறுவாய். ஐந்து லிட்டர் கேன் ஒன்று வைத்துக்கொள். வண்டியின் இடது பக்கம் கேன் என்றால் வலது பக்கம் டூல்ஸ், எடை சமமாக இருக்கும். கனமானது எல்லாம் கீழே, உன் உடம்புக்குப் பக்கத்தில். முதுகில் பை மாட்டவே கூடாது, இரண்டாம் நாள் தோள் விட்டுப்போகும்.

துணி குறைவாகப் போதும். காட்டன் பனியன் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது, மலை மேலே அந்த ஈரமே குளிரை உள்ளே கொண்டுவரும். தெர்மல் இரண்டு செட், ஒரு ஃபிளீஸ், மேலே ரைடிங் ஜாக்கெட். மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே, ஒரே இழுப்பில் கைக்கு வர வேண்டும். கையுறை இரண்டு ஜோடி. சாக்ஸ் நாலு ஜோடி, அதில் ஒன்றை நல்ல பாலிதீன் கவரில் கட்டி ராத்திரி தூங்குவதற்கு மட்டும் வை. வழியில் ரோட்டுக்குக் குறுக்கே பனி உருகின தண்ணீர் ஓடும். காலையில் கணுக்கால் அளவு இருப்பது வெயில் ஏற ஏற முழங்காலுக்கு வந்துவிடும். அதனால் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

இப்போது மருந்து. இதைக் கவனமாகப் படி. வழியில் வரும் ஜிஸ்பா பத்தாயிரத்து ஐந்நூறு அடி உயரம், சர்ச்சு பதினாலாயிரத்துக்கு மேலே, தாங்லாங் லா கணவாய் 17,480 அடி. எங்கள் காலத்தில் ரோதாங் கணவாய் ஏறித்தான் போக வேண்டும். இப்போது 9 கிலோமீட்டர் அடல் சுரங்கத்தில் சட்டென்று அந்தப் பக்கம் போய்விடுகிறீர்கள். வண்டி சீக்கிரம் போய்விடும், உடம்பு அந்த உயரத்துக்கு அவ்வளவு சீக்கிரம் பழகாது. ஜிஸ்பாவிலோ கீலாங்கிலோ இரண்டு ராத்திரி தங்குங்கள். தலைவலியோடு வாந்தி வந்தால் மேலே ஏறாதீர்கள், கீழே இறங்குங்கள். உயரத்தில் வரும் உடம்புக் கோளாறுக்கு டயமாக்ஸ் மாத்திரை எல்லாரும் போடுகிறார்கள் என்று நீயும் வாங்கிப் போடாதே. நாலு வயசில் உனக்கு ஒரு சல்ஃபா மருந்து கொடுத்து உடம்பெல்லாம் தடித்துப்போனது. உனக்கு ஞாபகம் இருக்காது, ராத்திரி முழுக்க உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவன் நான். டயமாக்ஸும் அந்த வகையைச் சேர்ந்த மருந்துதான். டாக்டரிடம் இதைச் சொல்லி, அவர் சரி என்றால் மட்டும் போடு.

அம்மா எழுதச் சொன்னது: நாப்கின் தேவைக்கு மேலேயே எடுத்துக்கொள், வழியில் கடையில் கிடைக்கும் என்று இருக்காதே. பருப்புப்பொடியும் சுக்குப்பொடியும் கூரியரில் வருகிறது. ஒரு கிலோ கட்டினாள், நான் கால் கிலோவாகக் குறைத்திருக்கிறேன்.

ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் அசல் ஒன்று, ஜெராக்ஸ் இரண்டு. வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது, மூன்று பேரில் ஒருவருக்காவது போஸ்ட்பெய்டு வேண்டும். கீலாங்கில் இருந்து ஒரு போன் செய். அடுத்தது லே போய்ச் சேர்ந்ததும் செய்தால் போதும். நடுவில் இரண்டு நாள் சத்தமே வராது என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன். எனக்கும் அந்த இரண்டு ராத்திரி தூக்கம் வராதுதான். அதற்காக நீ சிக்னல் தேடி இருட்டில் வண்டி ஓட்டாதே.

ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைக் கழற்றும்போது வீடியோ காலில் வா. நான் காலையிலேயே காபி குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா