ஆண்கள் ஐக்கிய சங்கம்: 2024–25ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய சேகரகுரு ஐயரவர்களே, சபை ஊழியர் அவர்களே, சங்கத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, அங்கத்தினர்களே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

கூட்டக் கணக்கை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். மாதம் ஒன்று என்று பன்னிரண்டு கூட்டம் நடந்திருக்க வேண்டும். நடந்தது ஒன்பது. ஒன்று மழையால் நின்றது. மற்ற இரண்டுக்கும் மழையைக் குறை சொல்ல முடியாது, ஆள் சேரவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டின் பெரிய காரியம், நம் சபையின் குருவானவராக இருந்த முந்தைய ஐயர் மாற்றலாகிப் போனதுதான். வழியனுப்பு அன்று நன்றித் தீர்மானம் போட்டோம். மினிட்ஸ் புத்தகத்தில் அது ஒரே வரியாக இருக்கிறது: ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.’ நம் சங்கத்தில் ஒரு காரியம் ஏகமனதாக நிறைவேறுவதே அபூர்வம். ஆனாலும் அந்த ஒரு வரி போதாது என்று எனக்குப் பட்டதால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறேன். புதிய ஐயரவர்கள் முன்னால் இருக்கும்போது இதை வாசிப்பது சங்கடம்தான். ஒப்பிட்டுப் பேசுவதாக நினைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு கல்யாண ஓலை விஷயம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் வாசிக்கிற அறிவிப்பு அது. இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று, மூன்றாவது ஓலையை ஐயர் வாசிக்க மறந்துவிட்டார். பெண் வீட்டார் கோபத்தில் இருந்தார்கள். மணி அடித்து, கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை எடுத்து வைக்கவில்லை என்று சொல்லியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்போம். ஐயர் அன்று மத்தியானம் சாப்பிடக்கூடப் போகாமல் நேரே அந்த வீட்டுக்குப் போய், "தப்பு என் பேர்ல தான்" என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்கும் முன் சபைக்கும் அதையே சொன்னார். என் வயதுக்கு ஆல்டரில் நின்று ஒரு குருவானவர் மன்னிப்புக் கேட்டதை அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம் கோயில்பிள்ளை சம்பளம். இதில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு. நாலு மாசச் சம்பளம் பாக்கி நின்றபோது, கமிட்டியில் நாம் புது மைக் செட்டுக்குக் கொட்டேஷன் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐயர் சத்தம் போடவில்லை. "மணி அடிக்கிறவருக்குக் கொடுத்துட்டு மைக் வாங்குவோம். அதுவரைக்கும் நான் கொஞ்சம் உரக்கப் பேசுறேன்" என்றார். பாக்கி தீர்ந்த பிறகுதான் மைக் வந்தது. சபையார் எல்லோரும் கூடிச் சாப்பிடுகிற அசனத்தன்றும் அவர் கடைசிப் பந்தியில், கிடாரம் கழுவ வந்தவர்களோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டார். குழம்பு தீர்ந்து ரசம் மட்டும் இருந்தது என்று ஐயரம்மா பின்னால் சொல்லிச் சிரித்தார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் அவர் நடத்திய வேதபாடத்தில் ‘ஊழியம்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிற சொல். பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலி இல்லாமல் அரசாங்கத்துக்குச் செய்ய வேண்டிய கட்டாய வேலை. தாழ்த்தப்பட்ட சாதிகளின் தலையில்தான் அது விழுந்தது. சுமை தூக்க வேண்டும், கூப்பிட்ட நேரத்துக்குப் போக வேண்டும். "மனுஷகுமாரனும் ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" வந்தார் என்று நம் வேதத்தில் வாசிக்கிறோமே, அந்தக் காலத்து ஆள் ஒருவன் காதில் இது எப்படி விழுந்திருக்கும் என்று கேட்டார். இன்று ஊழியர் என்றால் போஸ்டரில் பெரிய படம் போட்டவர் என்று ஆகிவிட்டது. இது அவர் சொன்னதல்ல, நான் சேர்த்துக்கொண்டது.

அந்தப் பாடத்தின் தொடர்ச்சியாகத்தான் வேன் பிடித்து ஒருநாள் பயணம் போனோம். மெஞ்ஞானபுரம் கோயிலின் 192 அடிக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வெள்ளாளன்விளை போய்ச் சேர்ந்தோம். பேராயர் அசரியா 1874இல் பிறந்த ஊர். கூட வந்த பையன்களில் பாதிப் பேருக்கு அந்தப் பேரே புதிது. வெட்கப்பட வேண்டியது பையன்கள் அல்ல, நாம்தான். 1903இல் அவரும் சேர்ந்து பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாகவே இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். பிறகு அந்தச் சங்கத்தின் ஊழியத்துக்குத் தாமே தெலுங்கு நாட்டில் உள்ள தோர்ணக்கல்லுக்குப் போனார். 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிமார் நிறைந்த சபையில், நீங்கள் ஏழைகளுக்கு ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள், சரீரத்தையும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று பேசினார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அதற்குப் பிறகும் மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போய்க்கொண்டிருந்தார். சபைக்கு வந்தவர்களில் மிகுதியானவர்கள் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மாலா, மாதிகா மக்கள். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையில் கை வைத்து, "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" என்று சொல்ல வைப்பார். நேற்றுவரை யாரும் பேசக் கேட்காத மனிதனிடம், நீயும் போதிக்க வேண்டியவன் என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும்! 1945ஆம் ஆண்டின் முதல் நாள் தோர்ணக்கல்லிலேயே காலமானார்.

சாயங்காலம் டோனாவூர். அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் குழந்தைகளை வளர்த்த இடம். 1931இல் விழுந்து அடிபட்ட பிறகு, 1951இல் மரிக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார்கள். கல்லறைமேல் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், பிள்ளைகள் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டியை வைத்து, அம்மா என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்லை எழுதினார்கள்.

திரும்பி வரும்போது வேனில் ஒரு பேச்சு வந்தது. நம் கோயிலில் ஃபேன் இறக்கையில்கூட உபயம் என்று பேர் இருக்கிறதே என்று யாரோ சொன்னார்கள். கொஞ்ச தூரத்துக்கு ஒருவரும் பேசவில்லை. அதற்கப்புறம் நடந்த கூட்டத்தில், இனி சங்கம் வாங்கிக் கொடுக்கும் பொருள்களில் பேர் எழுதுவதில்லை என்று தீர்மானம் கொண்டுவந்தோம். ஏகமனதாக அல்ல, இரண்டு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. எதிர்த்தவர்கள் பேரையும் மினிட்ஸில் எழுதவில்லை.

ஐயருக்குச் சால்வை போட்டோம், வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லி நம்மைச் சங்கடப்படுத்தவில்லை. போகும் அன்று காலையில் கோயில்பிள்ளை வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்து, ஜெபம் பண்ணிவிட்டுத்தான் லாரியில் சாமான் ஏற்றினார். அந்த லாரிக்குச் சாமான் தூக்க வந்த வாலிபர் சங்கத் தம்பிமாருக்கும், அசனத்தில் விடிய விடியக் காய்கறி நறுக்கிய பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும் நன்றி.

வேன் வாடகையில் இன்னும் மூன்று பேர் பங்கு வரவில்லை. பேர் சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் பொருளாளர் வாசலில்தான் நிற்பார்.

இப்படிக்கு,
செயலர்