பொன்னி மூட்டையும் சொத்துரிமையும்

ஆசிரியருக்கு,

சிங்கப்பூர் தடையற்ற வணிகத்தின் சொர்க்கம் என்பாரும், இங்கே எல்லாம் அரசின் பிடியில் என்பாரும் வீட்டு விலையையும் கார் வாங்கும் சிஓஇ சான்றிதழையும் காட்டியே வாதாடுகிறார்கள். அடுப்படியில் இருக்கும் பொன்னி அரிசியை எடுத்துக்கொண்டால் விவகாரம் இன்னும் தெளிவாகும்.

வெள்ளையரிசி, பாஸ்மதி, பொன்னி, புழுங்கலரிசி ஆகியவற்றை இறக்குமதி செய்ய எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பிடம் உரிமம் வாங்க வேண்டும். கூடவே கையிருப்புக் கடமையும் வந்துவிடும். மாத இறக்குமதி அளவைப் போல் இரண்டு மடங்கு அரிசி, அரசு குறிக்கும் கிடங்கில் எப்போதும் இருக்க வேண்டும். அரிசி வணிகருடையதுதான். ஆனால் நெருக்கடி வந்தால் அரசு இழப்பீடு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 100 டன் இறக்குமதி என்றால் கையிருப்பு 200 டன், அதாவது 20 அடிக் கொள்கலனில் ஏறத்தாழ எட்டு. ஒரு டன் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்தால் 200,000 வெள்ளி முடங்கிக் கிடக்கிறது. 4 விழுக்காடு வட்டியில் ஆண்டுக்கு 8,000 வெள்ளி. ஆண்டு விற்பனை 1,200 டன் மீது அதைப் பரப்பினால் ஐந்து கிலோ பைக்கு மூன்று காசு சொச்சம். கிடங்கு வாடகையும் ஏற்றுக்கூலி இறக்குக்கூலியும் தனி. வாங்குபவருக்கு இந்தச் சுமை தெரியாது. புதிதாக இறக்குமதியில் இறங்க நினைக்கும் சின்ன மளிகைக்கடைக்காரருக்கோ, முதல் மூட்டையை விற்பதற்கு முன்பே அந்த 200,000 வெள்ளிதான் தடுப்புச்சுவர்.

பழையதை முதலில் வெளியேற்றிப் புதியதை உள்ளே அடுக்கும் சுழற்சி பிசகினால் வண்டு விழும், மருந்துப் புகை போட வேண்டிவரும். தாய்லாந்து மணமல்லி அரிசிக்கு நாள் ஆக ஆக வாசனை குறையும். பொன்னிக்கு நேர்மாறு: பழைய அரிசிதான் உதிரியாக வடியும், அதற்குத்தான் விலையும் கூடுதல். சட்டம் ஒன்றே ஆனாலும் நஷ்டம் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை.

லிபர்டேரியன் சிந்தனை இதை எப்படிப் பார்க்கும்? முறையாக வாங்கிய பொருளை என்ன செய்வது என்பது உடையவர் முடிவு, அரசுக்கு அதில் வேலையில்லை என்பது அதன் அடிப்படை. அந்த வரிசையில் முக்கியமானவரான அமெரிக்கத் தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக்கும் 1974இல் ஒரு விலக்கை ஒப்புக்கொண்டார்: பாலைவனத்தில் மற்றக் கேணிகள் எல்லாம் வற்றிப்போனால், மிஞ்சிய கேணிக்காரர் இஷ்டப்படி விலை வைக்க முடியாது. கையிருப்புத் திட்டத்துக்கு இதையே ஆதாரமாகக் காட்டலாம் என்று தோன்றும். எனக்கு அது பொருந்தவில்லை. எளிதில் கிடைக்கும் பொருள்களிலிருந்து புது மருந்து செய்தவர் பிறருடைய பங்கைப் பறிக்கவில்லை என்றும் அதே நோசிக் சொல்கிறார். அரிசி வணிகர் நம் கேணியை வளைத்துப் போட்டவர் அல்லர். இல்லாத ஊருக்குக் கப்பலில் கொண்டுவந்தவர். ஆக, இந்தத் திட்டத்தை நோசிக்கின் பெயரால் நியாயப்படுத்த முடியாது. ஊருக்கான காப்பீடு என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் நியாயப்படுத்த வேண்டும்.

காப்பீடு வீண் என்று சொல்லவில்லை. 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளையரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகஸ்டு 25 அன்று புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது. இட்லி அரிசியும் அதில் அடக்கம். சிங்கப்பூருக்கு 50,000 டன் வெள்ளையரிசிக்குத் தனி அனுமதி கிடைத்தது. தடை நீங்கியது 2024 செப்டம்பர் 28 அன்று. சொத்துரிமைக்கு இதுதான் பெரிய அடி என்பேன்: விவசாயியின் களத்திலிருந்து ஒரு மணியைக்கூட அரசு எடுக்கவில்லை, ஆனால் நல்ல விலை கொடுக்க இருந்தவரை வாசலிலேயே நிறுத்திவிட்டது, இழப்பீடும் இல்லை. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என்று சாடியது இந்த வகை அதிகாரத்தைத்தான்.

இந்தியாவின் தடை, நம் கையிருப்புத் திட்டம் இரண்டையும் 'அரசுத் தலையீடு' என்று ஒரே சாக்கில் கட்டுவது சரியல்ல. நம் திட்டத்தில் உடைமை வணிகரிடமே நிற்கிறது, விலை அவர் வைப்பது, எடுத்தால் காசு உண்டு. எனக்குள்ள குறை நுழைவுச் செலவு பற்றியது. சிறிய கடைகள் நாலைந்து சேர்ந்து ஒரே உரிமத்தின் கீழ் கையிருப்பைப் பங்கிட்டுக்கொண்டால் தலைக்கு 40,000 அல்லது 50,000 வெள்ளியில் முடிந்துவிடும். லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவின் மளிகைக்கடைக்காரர்கள் தங்கள் வர்த்தகச் சங்கங்களின் வழியே இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
வாசகர், சிராங்கூன்