படத்தில் இருப்பவர் ஜோன் கிராஃபோர்ட் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'வாட் எவர் ஹேப்பண்ட் டு பேபி ஜேன்?' என்ற ஹாலிவுட் திகில் படத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியவர், பெட்டி டேவிஸ், ஜோன் கிராஃபோர்ட் என்ற மூப்பு தட்டிய இரு நடிகைகளின் முகமே போதிய திகில் என்கிறார். அவருக்கு வயதே ஆகாது போலிருக்கிறது, வாழ்த்துகள்.

1962-இல் அந்தப் படம் வெளிவந்தபோது பெட்டி டேவிஸுக்கு வயது 54. மறு ஆண்டு 'ஷரேட்' படம் வந்தபோது அதன் நாயகன் கேரி கிராண்டுக்கு 59, ஜோடியான ஆட்ரி ஹெப்பர்னுக்கு 34. அங்கே எவரும் திகிலடைந்ததாகத் தெரியவில்லை. டேவிஸின் முகத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல் அப்பியிருக்கும் பூச்சு அவரே தீர்மானித்த ஒப்பனை. இரண்டு ஆஸ்கார் வாங்கியவரின் அந்தத் துணிச்சலைக் கட்டுரையாளர் முகச் சுருக்கம் என்று எண்ணிவிட்டார். சக்கர நாற்காலியில் இருக்கும் கிராஃபோர்ட், டேவிஸ் கொண்டுவந்த மூடிய தட்டை, உள்ளே என்ன இருக்குமோ என்று பசித்தும் திறக்க அஞ்சி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாரே, திகில் அங்கே அல்லவா இருக்கிறது?

உங்கள் இதழுக்கு இது புதிதல்ல. கிராஃபோர்ட் நடித்த 'ஸ்ட்ரெயிட் ஜாக்கெட்' படம் பற்றி எழுதியபோது அதில் வரும் கொலைக் கோடரிக்கு ஒரு பத்தி, அவருடைய நடிப்புக்கு ஒரு வரிகூட இல்லை. நடிகை இறந்தால் இரங்கல் குறிப்பின் முதல் வரியிலேயே கணவர்களின் எண்ணிக்கை வந்துவிடும்; நடிகருக்கு விருதுகளின் எண்ணிக்கை. அதுபற்றி நான் எழுதிய கடிதம் தபாலில் தொலைந்திருக்கும் என்றே இன்றும் நம்புகிறேன்.

எங்கள் ஊர் நாடகக் குழுவில் என்னைவிட மூத்த ஒருவருக்கு நான் அம்மாவாக நடித்தேன். அவருக்குத் தலைக்குச் சாயம். எனக்கு நரைக்க மாவு. ஆகவே இதைப் புத்தகத்தில் படித்துவிட்டு எழுதவில்லை.

1964-இல் 'ஹஷ்... ஹஷ், ஸ்வீட் சார்லட்' படத்திலிருந்து கிராஃபோர்ட் பாதியில் விலக, நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் அவருடைய வேடத்தை ஏற்றது தாங்கள் அறியாததல்ல. சென்ற இதழின் கட்டுரையோடு நீங்கள் வெளியிட்ட புகைப்படம் இந்தச் 'சார்லட்' படத்தினுடையது. டேவிஸுக்குப் பக்கத்தில் நிற்பவர் ஒலிவியா. கீழே 'ஜோன் கிராஃபோர்ட்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். நாற்பதைத் தாண்டினால் எல்லாப் பெண்களும் ஒரே சாயல்தான் என்பது இதழின் கொள்கையோ என்னவோ.

அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போட்டால் போதும். ராசிபலனுக்கு அடியில் வேண்டாம், சினிமாப் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்