நீளக் கட்டைக்குக் காத்திருப்பவர்கள்

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. தம்பி தீபாவளிக்கு டிக்கெட் போட்டுவிட்டான். நீயும் சீக்கிரம் போட்டுவிடு, அப்புறம் வெயிட்டிங் லிஸ்ட்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே, "குறையே சொல்ல முடியாத ஒரு கேமை யாராலாவது செய்ய முடியுமாப்பா?" என்று. குரலிலேயே களைப்பு தெரிந்தது. உங்கள் படகு கேம் முடிந்தும் வெளியிட மனசு வராமல் திருத்திக்கொண்டே இருப்பதாக அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சொல்லியிருந்தாய். எனக்குப் போனில் கோர்வையாகப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

அப்படி ஒரு கேம் இருக்கிறது என்று யாராவது அடித்துச் சொன்னால், அவர்கள் காட்டப்போவது பெரும்பாலும் டெட்ரிஸாகத்தான் இருக்கும். நானும் அதைத்தான் காட்டுவேன். 1984-இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் செய்தது. அவரிடம் இருந்த எலெக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரைய வழியில்லை, எழுத்துகள் மட்டும்தான் வரும். அடைப்புக்குறிகளைச் சேர்த்துவைத்துக் கட்டை என்று காட்டினார். ஐந்து சதுரம் ஒட்டிய 12 கட்டைகளைப் பெட்டிக்குள் அடுக்கும் புதிர் ஒன்று அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அதை நான்கு சதுரமாகக் குறைத்தார், கட்டைகள் ஏழாயின. மேலேயிருந்து விழவிட்டுப் பார்த்தால் கொஞ்ச நேரத்திலேயே திரை நிரம்பி ஆட்டம் முடிந்துபோனது. நிரம்பிய வரிசையை அழித்துவிடலாம் என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது. அதோடு கேம் முழுசாகிவிட்டது. கதை கிடையாது, ஹீரோ கிடையாது, எதிரி கிடையாது. அந்த ஏழில் ஒன்றை எடுத்துவிட்டாலும் ஆட்டம் கெடும், எட்டாவதாக ஒன்றைச் சேர்த்தாலும் கெடும்.

கோவில்பட்டியில் வீடியோ கேம் கடை நடத்திய வருஷங்களில் இதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். பையன்கள் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடியது காண்ட்ராவும் மேரியோவும்தான். கடைசி லெவலை முடித்துவிட்டால் அந்தக் கேசட்டைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். டெட்ரிஸ் கேட்டு வருபவர்கள் வேறு ரகம். பக்கத்து ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிற அண்ணன் சாப்பாட்டு நேரத்தில் வந்து, சத்தமே இல்லாமல் ஆடிவிட்டுப் போவார். கல்லாப் பக்கம் ஒரு பிரிக் கேம் கிடக்கும், மஞ்சள் பொத்தான் வைத்தது. மேலே 9999 இன் 1 என்று போட்டிருக்கும். கையில் எடுத்த எல்லோரும் ஆடியது அந்த ஒன்றைத்தான். டெட்ரிஸை முடித்துவிட்டேன் என்று ஒருத்தர்கூட என்னிடம் சொன்னதில்லை.

சரி, அதிலாவது குறை இல்லையா என்றால், உண்டு. 1989-இல் நின்டெண்டோ டிவியில் மாட்டி ஆடும் தன் கேம் மெஷினுக்கு வெளியிட்ட டெட்ரிஸில் அடுத்த கட்டையைக் குலுக்கல் போட்டுத்தான் எடுக்கும். வந்த கட்டையே திரும்ப வந்தால் இன்னொரு முறை குலுக்கும், அவ்வளவுதான். நான்கு வரிசையை ஒரே போடாக அழிக்கும் நீளக் கட்டை சில நேரம் முப்பது கட்டை போயும் வராது. ஓரத்தில் ஒரு சந்து விட்டு ஒழுங்காக அடுக்கிவைத்திருப்போம். அடுக்கு உயர்ந்துகொண்டே போகும், கட்டை வராது. இதைக் குறை என்று எடுத்துக்கொண்டு பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். இப்போதைய டெட்ரிஸில் ஏழு கட்டையையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுப்பது போல வரும். பை காலியானதும் மறுபடியும் ஏழு. இரண்டு நீளக் கட்டைகளுக்கு நடுவில் அதிகம் போனால் 12 கட்டைதான். நியாயமான திருத்தம், யாரும் புகார் சொல்ல முடியாது. வேகம் கூடாமல் இருந்தால் தோற்காமலே ஆடிக்கொண்டிருக்க ஒரு அடுக்குமுறைகூடக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பழையதில் அது நடக்காது. நெளிந்த இரண்டு கட்டைகள், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாறி மாறி மட்டுமே வந்துகொண்டிருந்தால் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரரும் கடைசியில் தோற்றே ஆக வேண்டும் என்று 1997-இல் கணிதத்தில் நிரூபித்திருக்கிறார்கள். முழுக்கக் குலுக்கலில் கட்டை வருகிற ஆட்டத்தில், போதுமான காலம் ஆடினால் அப்படி ஒரு வரிசை வந்தே தீரும்.

இந்த இரண்டில் எது குறையில்லாதது? காகிதத்தில் எழுதிப் பார்த்தால் புதியது. ஆடுவதற்கு எனக்குப் பழையதுதான். நீளக் கட்டை கட்டாயம் வரும் என்று தெரிந்துவிட்டால் அதற்காகக் காத்திருப்பதில் என்ன இருக்கிறது? துணிக்கடை அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்ப்பாரே, அது அந்த நிச்சயமின்மைக்காகத்தான். புதியதை ஆடுகிறவர்கள் இதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஒரே கேமுக்குள்ளேயே இரண்டு பேருக்கு இரண்டு விதமாகத் தேவைப்படுகிறது பார்.

அந்தப் பழைய டெட்ரிஸைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 29-ஆவது லெவலில் கட்டை விழும் வேகத்துக்கு மனிதக் கை ஈடுகொடுக்காது, ஆட்டம் அங்கேயே முடிந்தது என்று பல வருஷம் நம்பினார்கள். பிறகு ஆடுகிறவர்கள் கன்ட்ரோலரைப் பிடிக்கும் முறையையே மாற்றினார்கள். ஒரு கைக் கட்டைவிரலைப் பொத்தானுக்கு மேலே வைத்துக்கொண்டு, மற்றக் கை விரல்களால் கன்ட்ரோலரின் முதுகில் வரிசையாகத் தட்டுவார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பொத்தான் கட்டைவிரலில் வந்து மோதும். 2023 டிசம்பரில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 13 வயதுப் பையன் ஒருவன் இப்படித் தட்டியே 157-ஆவது லெவல் வரை போனான். அங்கே கேம் உறைந்து நின்றுவிட்டது. அவ்வளவு தூரம் ஒருவர் வருவார் என்று எழுதியவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள், நிரல் தாங்கவில்லை. அந்தப் பையன் நாற்காலியில் சாய்ந்து மூச்சு வாங்கியதை வீடியோவில் பார்த்தேன். தோற்பதைத் தவிர வேறு முடிவில்லாத ஒரு ஆட்டத்தில், உள்ளே இருந்த ஒரு கோளாறுதான் 34 வருஷம் கழித்து ஜெயிக்கிற இடமாக மாறியது. அந்த நிரலை 1989-லேயே யாராவது ஒழுங்காகத் திருத்தியிருந்தால் அவனுக்குப் போய்ச்சேர ஒரு இடமே இருந்திருக்காது.

ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கதை உனக்கே தெரிந்திருக்கும். 1978-இல் டோமோஹிரோ நிஷிகாடோ அதைச் செய்தபோது மெஷினுக்கு வலு போதவில்லை. திரை நிறைய எதிரிகள் இருக்கும்போது மெதுவாக நகரும், சுடச்சுட எண்ணிக்கை குறைந்து மிச்சம் இருப்பவை வேகமெடுக்கும். அவர் அதைத் திருத்தாமல் அப்படியே விட்டார். கடைசி ஒரு எதிரி தலைதெறிக்க ஓடும்போது வரும் பதற்றத்துக்காகவே ஆடினவர்கள் உண்டு.

குறையே இல்லாத ஆட்டம் வேண்டுமென்றால் ஒன்பது கட்டத்தில் சுழியும் பெருக்கலும் போடுவோமே, அது இருக்கிறது. ஒரு ஓட்டை கிடையாது. சூட்சுமம் தெரிந்த இரண்டு பேர் ஆடினால் எப்போதும் டிரா. அதனால்தான் அதை ஆறாம் வகுப்போடு விட்டுவிடுகிறோம்.

இப்போது உன் கேமுக்கு வருகிறேன். பொங்கலுக்கு வந்தபோது போனில் போட்டுக் காட்டினாயே, அதில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். விட்ட இடத்திலிருந்து தொடர முடியாமல் இரண்டாவது ஆற்றில் ஆடியதெல்லாம் அழிந்துபோகிறதே, அது குறைதான். ஆடுகிறவருடைய நேரத்தை அது எடுத்துக்கொள்கிறது. ராத்திரி கண் விழித்தாவது அதைச் சரிசெய். மூன்றாவது ஆற்றின் திருப்பத்தில் நீரோட்டம் சில நேரம் படகை எதிர்ப்பக்கம் தள்ளிவிடுகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறாயே, அதில் கை வைக்காதே. உன் குழுவில் ஒருவர் அதை அநியாயம் என்று சொன்னாராம். நம் வீட்டுக் கூடத்தில் சித்தப்பா பிள்ளைகள் மூன்று பேரும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து கத்தியது அந்தத் திருப்பத்தில் மட்டும்தான். மற்ற இடங்களில் ஒருவர் ஆட, மற்றவர்கள் டிவி பார்த்தார்கள்.

சேமிக்கும் கோளாறு முடிந்ததும் வெளியிட்டுவிடு. தீபாவளிக்கு முன்னால் முடிந்தால் நல்லது. அந்தத் திருப்பத்தை நேராகத் தாண்டிக் காட்டுகிறேன் என்று சித்தப்பா மகள் ஆர்த்தி தன் அண்ணனிடம் பந்தயம் கட்டியிருக்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா