சாவடியில் பாடம் எடுத்த அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

உங்கள் பெயரைப் போட்டு எழுதலாமா என்று போனில் கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம்ப்பா, ஊர்ல சிரிப்பாங்க" என்றீர்கள். சரி, போடவில்லை. கீரனூர்ப் பக்கத்து ஆட்கள் படித்தால் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை.

நான் உங்களிடம் படித்தவன் இல்லை. படித்தது அம்மா. 1991இல் நான் நாலாம் வகுப்பு. பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய வருடம் அது. எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றுவிட்டது என்று கேரளத்தில் அறிவித்தது அதற்கு முந்தைய வருடம். இங்கே ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதில் தீவிரமாக இறங்கினார். இதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ராத்திரி ஏழரை மணியானால் நீங்கள் அரிக்கேன் விளக்கோடு சாவடிக்கு வந்துவிடுவீர்கள், அதற்குள் நாங்கள் சாப்பிட்டு முடித்தாக வேண்டும்.

பிளஸ் டூ முடித்துவிட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருந்த உங்களுக்கு அப்போது பத்தொன்பது வயது. சாவடிக்குச் சம்பளம் கிடையாது. விளக்கில் மண்ணெண்ணெய் தீர்ந்தால் உங்கள் வீட்டு ரேஷன் மண்ணெண்ணெயை ஊற்றினீர்கள். அதற்கு உங்கள் அப்பாவிடம் வாங்கிய திட்டு தெரு முழுக்கக் கேட்டது, எனக்கும் கேட்டது.

நாற்று நட்டுவிட்டு வந்த பெண்கள் பாதிப் பாடத்தில் தூங்கி விழுவார்கள். நீங்கள் எழுப்ப மாட்டீர்கள். விழித்திருப்பவர்களுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, மறுநாள் அதே பாடத்தை முதலிலிருந்து தொடங்குவீர்கள். யார் பிழையாக எழுதினாலும் "தப்பு" என்ற சொல் உங்கள் வாயில் வராது. "இன்னொரு தடவை எழுதிப் பாருங்க சின்னம்மா" என்பீர்கள், அவ்வளவுதான். அம்மா எழுதிய முதல் சொல் "பட்டா". அது என்ன என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் அது இல்லை என்பதும் தெரியும்.

எழுத்தைவிட எண்தான் எங்கள் வீட்டை மாற்றியது. இரண்டு மாடு வைத்திருந்தோம். பால் வாங்கிப் போகிறவர் அவருடைய நோட்டில் கணக்கு எழுதுவார், மாதக் கடைசியில் அம்மா கைநாட்டு வைப்பார். நீங்கள் எண்களைச் சொல்லிக்கொடுத்ததும் அம்மா தனியாக ஒரு நோட்டுப் போட்டார். மூன்றாம் மாதமே இரண்டு கணக்கும் ஒத்துவரவில்லை. ஆறு லிட்டர் இடித்தது. யார் என்று இங்கே எழுத வேண்டாம், அவருடைய பேரன் இப்போது என் நண்பன். சண்டை எதுவும் நடக்கவில்லை. அம்மா நோட்டை விரித்து அவர் முன்னால் வைத்தார். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

அப்புறம் சைக்கிள். பெண்கள் சைக்கிள் கற்க வேண்டும் என்று இயக்கம் சொன்னபோது, உங்களுக்கே ஓட்டத் தெரியாது என்பதை அம்மா இப்போதும் சொல்லிச் சிரிப்பார். எழுத்தில் நீங்கள் டீச்சர், சைக்கிளில் இருவரும் ஒரே வகுப்பு. கண்மாய்க் கரையில் முதலில் விழுந்தது நீங்கள்தானாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் காசு வாங்காமல் வண்டி கொடுத்த வாடகை சைக்கிள் கடை அண்ணனுக்கும் இந்தக் கடிதத்தில் பங்கு உண்டு. அது பார் வைத்த ஆண்கள் சைக்கிள். சேலையோடு ஏறுவது பெரும்பாடு, ஆனால் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம். அந்தப் பிள்ளை பல நாள் நான்தான். தொடை வலித்தது இன்னும் நினைவிருக்கிறது.

1992 மகளிர் தினத்தன்று புதுக்கோட்டை வீதிகளில் ஆயிரத்தைந்நூறு பெண்களுக்கு மேல் சைக்கிளில் போனார்களே, அதில் நீங்கள் இருவரும் இருந்தீர்கள். ஹாண்டில்பாரில் கட்டிய கொடியை அம்மா ரொம்ப நாள் அரிசிப் பானைக்கு மூடுதுணியாக வைத்திருந்தார். ஊர்வலத்தைவிட எனக்கு முக்கியம் அதற்கடுத்த மாதம். அம்மா சொந்தமாக ஒரு பழைய சைக்கிள் வாங்கி, மூன்று மைல் தள்ளியிருந்த பால் சொசைட்டிக்குத் தானே பால் கொண்டுபோக ஆரம்பித்தார். நான் பிளஸ் டூ முடிக்கும்வரை பீஸ் கட்டியது அந்தப் பால் காசுதான்.

செப்டம்பர் 5 அன்று நான் என் பள்ளி ஆசிரியர்களுக்கெல்லாம் வாழ்த்து அனுப்புவேன். உங்களுக்கு ஒரு தடவைகூட அனுப்பியதில்லை. தோன்றவே இல்லை. அதுதான் இத்தனை வருடம் கழித்து உறுத்துகிறது. நான் வங்கியில் வேலை பார்க்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். வயதானவர்கள் கவுண்டருக்கு வந்து மைப்பெட்டியைத் தேடினால், "பேர் எழுத வருமா, ஒரு தடவை எழுதிப் பாருங்க" என்று கேட்டுவிட்டுத்தான் மை எடுப்பேன். இது எங்கிருந்து வந்தது என்று இந்தக் கடிதத்தை எழுதும்போதுதான் புரிந்தது.

எழுதி முடித்ததும் அம்மாவுக்குப் படித்துக் காட்டப் போனேன். "நீ என்ன படிக்கிறது, குடு" என்று வாங்கிக்கொண்டார். கண்ணாடியைப் போட்டு, விரல் வைத்து, முழுக்கப் படித்து முடிக்க அரைமணி நேரம் ஆனது. பிறகு ஒரே ஒரு திருத்தம் சொன்னார். நான் கோயில் திண்ணை என்று எழுதியிருந்தேன். பாடம் நடந்தது சாவடியிலாம். மாற்றிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் மாணவியின் மகன்